பிள்ளை வாய் திறந்த பிறகு

(மலேசியாவின் சிரம்பானில் தோட்டப் பள்ளி ஆசிரியர்களும் பெற்றோரும் ஆலய நிர்வாகிகளும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



லாபுவிலிருந்து வந்திருக்கிறீர்கள். ரந்தாவ், லிங்கி, போர்ட்டிக்சன் பக்கத்திலிருந்து வந்திருக்கிறீர்கள். பகாவ், தம்பின், கிம்மாஸ் என்று தொலைவிலிருந்தும் வந்திருக்கிறீர்கள். கோயில் திருவிழாவுக்கும் பள்ளி விளையாட்டுப் போட்டிக்கும் கூடுவது நமக்குப் பழக்கம். இன்று கூடியிருப்பது அவற்றைவிடக் கனமான ஒரு காரியத்துக்காக.

இன்றைய பொருளை நேராகவே சொல்லிவிடுகிறேன். ஒரு பிள்ளை, தனக்கு நடந்த கொடுமையை நம்மிடம் வந்து சொல்கிறது. அடி, உதை, பாலியல் தொல்லை, எதுவாகவும் இருக்கலாம். அந்த நேரத்தில் நாம் என்ன செய்யவேண்டும்? சட்டம் நம்மிடம் என்ன கேட்கிறது? அதைவிட முக்கியமாக, அந்தப் பிள்ளை நம்மிடம் என்ன கேட்கிறது? இந்த மூன்று கேள்விகளோடுதான் உங்கள் முன் நிற்கிறேன்.

தோட்டம் என்றதும் நமக்கு என்ன நினைவுக்கு வருகிறது? விடியுமுன் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்பு. பால் சுமக்கும் காண்டா வாளி. பால்மரக் காடு, அதற்குப் பிறகு செம்பனை. அம்மா இருட்டோடு கிளம்பிப் போவார். பிள்ளை ஆயாக்கொட்டகையில் இருக்கும். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு அக்காவிடம், பாட்டியிடம், தோட்டமே 'மாமா' என்று கூப்பிடும் யாரோ ஒருவரிடம் இருக்கும். லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். இந்த வீட்டில் தாளித்தால் அந்த வீட்டில் தும்முவார்கள். அந்த நெருக்கம் நம்மை வாழவைத்தது. பஞ்சத்திலும் வேலைநிறுத்தத்திலும் சாவு வீட்டிலும் நம்மைத் தாங்கியது. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் அதே நெருக்கம் பல பிள்ளைகளின் வாயை அடைத்தும் வைத்திருக்கிறது. ஏன்? கொடுமை செய்பவர் பெரும்பாலும் அறியாத ஆள் அல்லர். அவர் சித்தப்பா முறையாக இருப்பார். அப்பாவுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவராக இருப்பார். திருவிழாவில் முன்னால் நின்று எல்லாவற்றையும் நடத்துபவராக இருப்பார். பிள்ளை வாய் திறந்தால் யாருடைய வீடு உடையும்? தன் வீடு. யாருடைய அம்மா அழுவார்? தன் அம்மா. இதெல்லாம் அந்தப் பிள்ளைக்குத் தெரியும். தெரிந்துதான் மாதக்கணக்கில், சிலபோது ஆண்டுக்கணக்கில் வாயை மூடிக்கொண்டிருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நம் மக்கள் தாமான் குடியிருப்புக்கும் அடுக்குமாடிக்கும் குடிபெயர்ந்த பிறகும் இந்த அச்சம் கூடவே வந்திருக்கிறது. ஆயாக்கொட்டகை போய்விட்டது, மௌனம் மட்டும் போகவில்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். இது எந்தக் குடும்பத்தின் கதையும் அல்ல. விளங்குவதற்காக நான் அமைத்துக்கொண்டது. ஐந்தாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண்பிள்ளை. இடைவேளை முடிந்து எல்லாரும் வகுப்புக்குள் போன பிறகும் ஆசிரியையின் மேசையருகே நிற்கிறாள். "டீச்சர், ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்கிறாள். ஆசிரியை என்ன பதில் சொல்லவேண்டும்?

நம் நாக்கின் நுனியில் என்ன வரும்? "சத்தியமா சொல்லமாட்டேன்மா, நீ சொல்லு" என்றுதான் வரும். அன்பினால் வரும் சொல் அது. ஆனாலும் சொல்லக் கூடாத சொல் அது. ஏனென்றால் அந்தச் சத்தியத்தை அவரால் காப்பாற்ற முடியாது. காப்பாற்றினால் பிள்ளை மறுபடியும் அதே வீட்டுக்கு, அதே ஆளிடம் போகும். மீறினாலோ, நம்பிய பெரியவர் ஒருவர் ஏமாற்றியது போதாதென்று இன்னொரு பெரியவரும் ஏமாற்றியதாகிவிடும். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை யாரிடம் வாய் திறக்கும்?

சரியான பதில் இது: "நீ சொல்றத நான் கேட்கிறேன்மா. ஆனா உனக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா, உன்னைக் காப்பாத்தக்கூடியவங்ககிட்ட நான் சொல்லித்தான் ஆகணும். யார்கிட்ட சொல்லப்போறேன்னு முதல்ல உன்கிட்ட சொல்லுவேன். உனக்குத் தெரியாம எதுவும் செய்யமாட்டேன்."

இப்படிச் சொன்னால் பிள்ளை பயந்து திரும்பிப் போய்விடாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சில பிள்ளைகள் போய்விடலாம். அப்போது விரட்டிப் பிடித்துக் கேள்வி கேட்க வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம். "நீ எப்ப வந்தாலும் நான் இங்கதான் இருப்பேன்" என்று சொல்லி, அந்தப் பிள்ளைமேல் கண் வைத்திருங்கள். மறுநாளும் பேச்சுக் கொடுங்கள். உண்மையைச் சொன்ன பெரியவரிடம் பிள்ளை திரும்பி வரும் வழி திறந்தே இருக்கும்.

இனி சட்டத்துக்கு வருவோம். சட்டம் என்றதும் சாய்ந்து உட்காராதீர்கள். இந்தச் சட்டங்களுக்குப் பின்னால் நம் பிள்ளைகளின் உயிர் இருக்கிறது.

உலகம் இந்த விஷயத்தில் விழித்துக்கொண்டதே தாமதமாகத்தான். அமெரிக்காவில் ஹென்றி கெம்ப் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய சகாக்களும், வீட்டில் அடிபட்டு வரும் குழந்தைகளைப் பற்றி 1962இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஐந்தே ஆண்டுகளுக்குள் அந்த நாட்டின் எல்லா மாநிலங்களும், சந்தேகம் எழுந்தால் தகவல் கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் இயற்றின. நம் நாட்டில்? 1990இல் ஒரு தமிழ்க் குழந்தை, மூன்று வயதுகூட நிரம்பாத குழந்தை, கொடுமைக்கு ஆளாகி இறந்தது. நாடே கலங்கியது. அடுத்த ஆண்டே, 1991இல், குழந்தைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பின்னர் அதையும் வேறு சட்டங்களையும் ஒன்றாக்கி 2001ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம் இயற்றப்பட்டது. 18 வயதுக்கு உட்பட்ட எல்லாரும் அதன் பாதுகாப்புக்குள் வருகிறார்கள்.

அந்தச் சட்டம் மூன்று தரப்பினரைப் பார்த்து, நீங்கள் தகவல் கொடுத்தே ஆகவேண்டும் என்கிறது. 27ஆம் பிரிவு மருத்துவரைச் சொல்கிறது. 28ஆம் பிரிவு குடும்பத்தாரைச் சொல்கிறது. 29ஆம் பிரிவு பிள்ளை பராமரிப்பாளரைச் சொல்கிறது. பராமரிப்பாளர் என்றால் யார்? பெயர்ப்பலகை மாட்டிய காப்பகம் மட்டுமா? இல்லை. கூலி வாங்கிக்கொண்டு ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் யாராக இருந்தாலும் பராமரிப்பாளர்தான். மாதம் ஏதோ ஒரு தொகைக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அக்காவும் அதில் அடக்கம். குளிப்பாட்டும்போது முதுகில் தழும்பைப் பார்த்தால், அந்த அக்கா பேசாமல் இருக்கக் கூடாது.

இந்த மூன்று தரப்பில் ஆசிரியர் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? பகலில் பாதி நேரம் பிள்ளையோடு இருப்பவர் ஆசிரியர். அவருக்கு அந்தச் சட்டம் பெயர் சொல்லிக் கடமை விதிக்கவில்லை. பாலியல் குற்றங்களைப் பொறுத்தவரை அந்த இடைவெளியை 2017ஆம் ஆண்டுச் சட்டம் அடைத்தது. அது வந்த கதையையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ரிச்சர்ட் ஹக்கிள் என்பவர் பிரிட்டிஷ்காரர். கோலாலம்பூரில் ஏழைக் குடும்பங்களின் நடுவே ஆண்டுக்கணக்கில் பழகியவர். எப்படிப் பழகினார்? ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பவராக, படம் எடுப்பவராக, தேவாலயத்துக்கு வரும் நல்ல மனிதராகப் பழகினார். பிள்ளைகளுக்கு எதிரான 71 குற்றங்களை ஒப்புக்கொண்டார். 2016 ஜூனில் லண்டன் நீதிமன்றம் அவருக்கு 22 ஆயுள் தண்டனைகள் விதித்தது. இத்தனை காலம் இது எப்படி நடந்தது என்று இந்த நாடு தன்னைத்தானே கேட்டுக்கொண்டது. சிறுவர் பாலியல் குற்றச் சட்டம், 792ஆம் எண் சட்டம், 2017 ஜூலை 10ஆம் நாள் நடப்புக்கு வந்தது. அதே ஆண்டு புத்ராஜெயாவில் இத்தகைய வழக்குகளுக்கென்றே ஒரு சிறப்பு நீதிமன்றம் திறக்கப்பட்டது.

அந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவை ஒவ்வொருவரும் மனத்தில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பிள்ளைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்திருக்கிறது என்றோ நடக்கப்போகிறது என்றோ தெரிந்தும் போலீசுக்குத் தகவல் கொடுக்காதவர் யாராக இருந்தாலும் அது குற்றம். 5,000 வெள்ளி வரை அபராதம். ஆசிரியரா? ஆம். தலைமையாசிரியரா? ஆம். கோயில் தலைவரா? ஆம். பாட்டியா, வேலையைக் கண்காணிக்கும் மண்டோரா, டியூஷன் வாத்தியாரா, பந்துப் பயிற்சியாளரா? ஆம், ஆம், ஆம். இந்தியாவிலும் 2012 நவம்பரில் நடப்புக்கு வந்த, பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் இதே கடமையை எல்லார் மீதும் வைக்கிறது.

"பேசித் தீர்த்துக்கொள்வோம்" என்று சொல்லும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. நாட்டாமைக்கு நம்மிடம் பெரிய மரபு இருக்கிறது. வேலித் தகராறைப் பேசித் தீர்க்கலாம். கடன் தகராறைப் பேசித் தீர்க்கலாம். ஒரு பிள்ளையின் உடலுக்கு நேர்ந்ததை எந்தக் கூட்டத்தில் வைத்துப் பேசித் தீர்ப்பீர்கள்? மன்னிப்புக் கேட்கவைத்தால் தீருமா? பணம் வாங்கிக் கொடுத்தால் தீருமா? பிள்ளையை வேறு தோட்டத்துக்குப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அந்த ஆளை அதே லயத்தில் விட்டுவைத்தால் தீருமா? அடுத்த பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை? சமரசம் பேசி வாயை மூடவைப்பவர்களும் சட்டத்தின் முன் நிற்கவேண்டியவர்களே.

"பொய்ப் புகாராக இருந்தால்?" என்று கேட்கிறீர்கள். நீங்கள் நீதிபதி அல்லர். உங்களிடம் தீர்ப்பு யாரும் கேட்கவில்லை. கேட்டதைக் கேட்டபடி சொல்லுங்கள். விசாரிப்பது போலீசின் வேலை. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுப்பவருக்குச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது.

"குடும்ப மானம்?" என்று கேட்கிறீர்கள். பிள்ளையின் பெயர், முகம், பள்ளி, வீடு என்று அடையாளம் காட்டும் எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்று சிறுவர் சட்டம் தடுத்திருக்கிறது. செய்தியைப் பரப்புவது பத்திரிகையைவிட நம் வாட்ஸ்அப் குழுக்கள்தாம். மானத்தைக் காக்க விரும்புகிறவர்கள் முதலில் அங்கே காக்கட்டும். மானம் இழந்தவர் கொடுமை செய்தவர். பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை.

"அப்பாவே உள்ளே போய்விட்டால் அடுப்பு எப்படி எரியும்?" இந்தக் கேள்வியை நான் தள்ளிவிடமாட்டேன். ஒற்றைச் சம்பளத்தில் ஓடும் வீட்டில் இது உண்மையான பயம். பல தாய்மார்களின் வாயைக் கட்டியிருப்பது இதுதான். அதற்குப் பதில் பிள்ளையைப் பலிகொடுப்பதல்ல. சமூகநலத் துறையில் உதவித்தொகைக்கு மனுச்செய்ய அந்தத் தாயோடு போகவேண்டும். கோயில் அன்னதானத்துக்குப் பணம் திரட்டத் தெரிந்த நமக்கு, ஒரு வீட்டுக்குச் சில மாதம் அரிசி பருப்பு வாங்கிக் கொடுக்கத் தெரியாதா?

இன்னொரு பயமும் இருக்கிறது. 16 வயது நிரம்பாத பெண்பிள்ளை கருவுற்றிருந்தால், மருத்துவமனை போலீசுக்குச் சொல்லிவிடும் என்று பயந்து வீட்டிலேயே மறைத்துவைக்கிறார்கள். அந்த வயதில் அது சட்டப்படி வல்லுறவுக் குற்றம்தான். தகவல் போகத்தான் செய்யும். ஆனால் மருத்துவம் பார்க்காமல் மறைத்துவைத்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து. விசாரணைக்குப் பயந்து மருத்துவமனை வாசலை அடைத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, பிள்ளை சொல்லிவிட்டது. அடுத்து என்ன?

முதலில், நம்புங்கள். "நீ சொன்னது நல்லதும்மா. உன்மேல தப்பில்ல" என்று சொல்லுங்கள். முகத்தில் அதிர்ச்சியைக் காட்டாதீர்கள். உங்கள் அழுகையைப் பார்த்தால் பிள்ளை உங்களைத் தேற்றத் தொடங்கிவிடும்.

இரண்டாவது, துருவிக் கேட்காதீர்கள். "அவன் இப்படிச் செய்தானா, அப்படிச் செய்தானா?" என்று பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்டால், நாளை நீதிமன்றத்தில் அந்தப் பிள்ளையின் வாக்குமூலமே வலுவிழக்கும். "என்ன நடந்துச்சு?" என்பது போதும்.

மூன்றாவது, எழுதிவையுங்கள். நாள், நேரம், இடம், பிள்ளை சொன்ன சொல். அந்தச் சொல்லை அப்படியே எழுதுங்கள். தோட்டத்துப் பிள்ளை தோட்டத்துத் தமிழில்தான் சொல்லும். அதைச் செந்தமிழாக்க வேண்டாம். மலாயில் மாற்றியும் எழுத வேண்டாம். போலீஸ் நிலையத்தில் பிள்ளைக்கு மலாய் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள்.

நான்காவது, ஊர்வலம் விடாதீர்கள். ஆசிரியையிடம் ஒரு முறை, தலைமையாசிரியரிடம் ஒரு முறை, சங்கத் தலைவரிடம் ஒரு முறை, பெரியப்பாவிடம் ஒரு முறை என்று பிள்ளையைச் சொல்லவைக்காதீர்கள். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அது மறுபடியும் அனுபவிக்கிறது. 2007ஆம் ஆண்டின் சிறுவர் சாட்சியச் சட்டம், சிறுவர்களின் வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்யவும், குற்றம் சாட்டப்பட்டவரைப் பார்க்காமல் திரைக்குப் பின்னாலிருந்தோ நேரலைக் காணொளி வழியாகவோ சாட்சி சொல்லவும் வழி செய்திருக்கிறது. பயிற்சி பெற்றவர்கள் கேட்கட்டும்.

ஐந்தாவது, அந்த ஆளைக் கூப்பிட்டு மிரட்டாதீர்கள். கோபம் வரும், அடிக்கக் கை ஓங்கும். அவருக்கு நீங்கள் முன்கூட்டியே தெரியப்படுத்தினால் ஆதாரம் அழியும், பிள்ளை மிரட்டப்படும்.

ஆறாவது, தாமதிக்காதீர்கள். அண்மையில் நடந்ததென்றால் குளிப்பாட்ட வேண்டாம். துணிகளைத் துவைக்க வேண்டாம். காகிதப் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். தொற்றைத் தடுக்கும் சில மருந்துகளை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். சிரம்பானில் துவாங்கு ஜாபார் மருத்துவமனை இருக்கிறது. போர்ட்டிக்சன், கோலாப்பிலா, ஜெம்போல், தம்பின் ஆகிய இடங்களிலும் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. அவசரப் பிரிவில் சொன்னால் தனியே அழைத்துப் பார்ப்பார்கள். மருத்துவம், போலீஸ், சமூகநலம் மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும் இந்த ஏற்பாடு 1994இல் கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கிப் பிற மருத்துவமனைகளுக்கும் பரவியது. போலீசுக்கு 999. சமூகநலத்துக்கு 'தாலியான் காசே' 15999, இரவும் பகலும்.

"சாட்சி யாரும் இல்லையே, பிள்ளை மட்டும்தானே சொல்கிறது" என்று சிலர் தயங்குவார்கள். 2017ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கும் பதில் வைத்திருக்கிறது. வேறு சான்று இல்லாவிட்டாலும், பிள்ளையின் சாட்சியத்தை மட்டுமே வைத்து நீதிமன்றம் தண்டிக்கலாம். பெற்றோர், உறவினர், ஆசிரியர், பயிற்சியாளர் போன்ற நம்பிக்கைக்குரியவரே குற்றம் செய்திருந்தால் கூடுதலாக 5 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. பிள்ளையின் ஒரு சொல்லுக்கு இந்த நாட்டின் சட்டம் மதிப்புக் கொடுக்கிறது. நாம் கொடுக்க வேண்டாமா?

ஆண்பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் நகரமாட்டேன். ஒரு பையன் திடீரென்று பந்து விளையாடப் போக மறுக்கிறான். டியூஷன் என்றதும் வயிறு வலிக்கிறது என்கிறான். "ஆம்பளப் பிள்ளைதானே, என்ன ஆகிடும்?" என்று தள்ளிவிடுகிறோம். ஆண்பிள்ளையும் பிள்ளைதான். அவனுக்கும் இதே சட்டம், இதே காது, இதே நம்பிக்கை.

இங்கே அமர்ந்திருக்கும் இளைஞர்களே, உங்கள் நண்பர் முதலில் உங்களிடம்தான் சொல்வார். அதை இரகசியமாகவே வைத்திருப்பது நட்பு என்று எண்ணிவிடாதீர்கள். தனியாகச் சுமக்காதீர்கள். நண்பரையும் கூட்டிக்கொண்டு நம்பகமான ஒரு பெரியவரிடம் வாருங்கள்.

புகார் கொடுத்ததோடு கடமை முடிந்ததா? என் பேச்சின் உயிர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. முடியவில்லை. புகார் தொடக்கம்தான். அதற்குப் பிறகு மாதங்கள் போகும், வழக்கு ஒத்திவைக்கப்படும். பாட்டி பேசமாட்டார், அத்தை சாபம் விடுவார், "உன்னாலதான்" என்று யாரோ சொல்வார்கள். பிள்ளை, தான் சொன்னதே தப்பு என்று நினைக்கத் தொடங்கும். சொன்னதைத் திரும்பப் பெறுகிற பிள்ளைகள் உண்டு. அழுத்தம் தாங்காமல் அப்படிச் செய்கிறார்கள். அந்த நாட்களில் பக்கத்தில் யார் இருக்கிறோம்? நீதிமன்றத்துக்குக் கூடப் போவது யார்? விட்டுப்போன பாடத்தைச் சொல்லிக் கொடுப்பது யார்? "கேஸ் என்னாச்சு?" என்று கேட்காமல், "சாப்பிட்டியா? விளையாட வரியா?" என்று கேட்பது யார்? சட்டம் நம்மைப் புகார் கொடுக்கவைக்கும். கூட நிற்கவைக்க எந்தச் சட்டத்தாலும் முடியாது. அது நம் மனச்சாட்சியின் வேலை.

பெரியோர்களே, இந்த மாநிலத்தின் தமிழ்ப் பள்ளிகளும் தோட்டக் கோயில்களும் நம் முன்னோர் பால்வெட்டு உளி பிடித்த கையால் கட்டிக்கொடுத்தவை. அவற்றின் நிர்வாகிகளிடம் நான்கு காரியங்கள் கேட்கிறேன். ஒன்று, 15999 என்ற எண்ணைப் பிள்ளைகளின் கண்ணில் படும் உயரத்தில் எழுதி ஒட்டுங்கள். இரண்டு, பிள்ளைகள் அணுகக்கூடிய இரண்டு பெரியவர்களின் பெயரை அறிவியுங்கள். ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். மூன்று, பேருந்து வராத தோட்டங்களில், நள்ளிரவிலும் மருத்துவமனைக்குக் கார் எடுக்க ஒருவரை ஏற்பாடு செய்துவையுங்கள். நான்கு, இத்தகைய விஷயம் எதையும் கூட்டம் போட்டுச் சமரசம் பேசமாட்டோம் என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்திடுங்கள்.

பெற்றோரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கொடுமை நடந்த பிறகு சொல்வதற்குக் காத்திருக்காமல், இன்றிரவே உங்கள் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லுங்கள்: "யாரு உன்னை என்ன செஞ்சாலும், அது எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும், என்கிட்ட சொல்லு. நான் உன்னை நம்புவேன். உன்னைத் திட்டமாட்டேன். உன்கூட இருப்பேன்." சொல்லிவிட்டு, அந்தச் சொல்லைக் காப்பாற்றுங்கள்.